தைராய்டு மந்தமானால் ரத்தக் குழாய்க்கு ஆபத்து!

"எப்போது பார்த்தாலும் தூக்கம்!"

"ஒரு வேலை சொன்னால் ஒன்பது நாள் ஆகிறது!"

"சாப்பாடு கொஞ்சம்தான். உடம்பு மட்டும் ஊதிக்கொண்டே போகிறது!"

பல வீடுகளில் பெண்களைப் பற்றி இப்படிப் பேசுவதைக் கேட்கலாம். மாமியார் சொல்வார். கணவர் சொல்வார். பெற்ற பிள்ளைகளே சொல்வார்கள்.

கேட்ட பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள். "நமக்கு வயதாகிவிட்டது" என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள்.

அது சோம்பலும் அல்ல, வயதும் அல்ல என்று ஆகலாம். கழுத்தில் உள்ள ஒரு சிறு சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டதே காரணமாக இருக்கலாம். அந்தச் சுரப்பியின் பெயர் தைராய்டு.

களைப்பு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், சங்கதி அதோடு நிற்பதில்லை. தைராய்டு மந்தமானால் ரத்தக் குழாய்களும் கெடத் தொடங்குகின்றன. நாளடைவில் அது மாரடைப்பு வரை போகக்கூடும்.

களைப்பு வெளியே தெரிகிறது. ரத்தக் குழாய் கெடுவது வெளியே தெரிவதில்லை. அதைத்தான் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடம்பின் அடுப்பு

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே தைராய்டு சுரப்பி இருக்கிறது. இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவம். எடை சுமார் 20 கிராம்தான்.

இந்தச் சுரப்பியில் தைராக்சின் என்ற சுரப்பு நீர் உண்டாகிறது. அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறது. ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதை அது நிர்ணயிக்கிறது.

அடுப்பில் தீ குறைந்தால் உலை கொதிக்காது. தைராக்சின் குறைந்தால் உடம்பு மந்தமாகிறது.

நாடி மெதுவாக அடிக்கிறது. குளிர் தாங்குவதில்லை. மலச்சிக்கல் உண்டாகிறது. தோல் வறண்டு போகிறது. முடி கொட்டுகிறது. முகம் உப்புகிறது. குரல் கரகரக்கிறது. ஞாபகம் தப்புகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறுகிறது.

எல்லோருக்கும் எல்லா அறிகுறிகளும் வருவதில்லை. சிலருக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். அவையும் மெள்ள மெள்ள வருவதால் யாரும் கவனிப்பதில்லை.

சுரப்பி ஏன் மந்தமாகிறது? பல காரணங்கள் உண்டு. நோய்க் கிருமிகளோடு போராட வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தவறுதலாகத் தைராய்டையே தாக்குவது ஒரு முக்கிய காரணம். ஜப்பானைச் சேர்ந்த டாக்டர் ஹஷிமோட்டோ என்பவர் 1912-ம் ஆண்டில் இந்த நோயை விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. உணவில் அயோடின் குறைவதும், ஆபரேஷனில் சுரப்பியை எடுத்துவிடுவதும் மற்றக் காரணங்கள்.

ஆண்களுக்கும் இது வரும். பெண்களுக்கு மிக அதிகமாக வருகிறது.

மேஸ்திரியும் ஆளும்

இதைக் கண்டுபிடிக்க ஒரு ரத்த சோதனை இருக்கிறது. அதற்கு டி.எஸ்.எச். சோதனை என்று பெயர்.

இந்தச் சோதனையின் முடிவைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "எனக்குத் தைராய்டு 12 இருக்கிறதாம். அதிகமாகிவிட்டதாம்" என்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது.

வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி இருப்பார். ஆட்கள் ஒழுங்காக வேலை செய்தால் அவர் மெதுவாகப் பேசுவார். ஆட்கள் மந்தமானால் சத்தம் போடுவார்.

மூளையின் அடியில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. தைராய்டுக்கு அதுதான் மேஸ்திரி. டி.எஸ்.எச். என்பது அந்த மேஸ்திரியின் குரல். தைராய்டு வேலை குறைந்தால், "வேலை செய், வேலை செய்" என்று குரல் உயர்கிறது.

ஆகவே, டி.எஸ்.எச். கூடியிருந்தால் தைராய்டு குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

பெரியவர்களுக்குச் சாதாரண அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இது சிறிது மாறும். வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதும் உண்டு.

ரத்தக் குழாயில் நடப்பது என்ன?

தைராக்சின் குறைந்தால் ரத்தக் குழாய்க்கு இரண்டு வழிகளில் கெடுதல் வருகிறது.

முதலாவது, கொழுப்பு.

ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்வது கல்லீரல். அதற்காகக் கல்லீரலில் வாசல்கள் போன்ற அமைப்புகள் உள்ளன. இந்த வாசல்கள் போதுமான அளவு இருப்பதற்குத் தைராய்டு சுரப்பு நீர் தேவை. அது குறைந்தால் வாசல்களும் குறைகின்றன. உள்ளே போக வேண்டிய கொழுப்பு ரத்தத்திலேயே தங்கிச் சுற்றுகிறது. குழாயின் உட்சுவரில் படிகிறது.

இத்தகையவர்கள் எண்ணெயை நிறுத்துவார்கள். நெய்யை நிறுத்துவார்கள். அப்படியும் கொலஸ்டிரால் எதிர்பார்த்த அளவு இறங்காது. குறை சாப்பாட்டில் மட்டும் இல்லை. கழுத்துச் சுரப்பியிலும் இருக்கிறது!

இரண்டாவது, விறைப்பு.

நல்ல ரத்தக் குழாய் ரப்பர் போல் விரிந்து சுருங்க வேண்டும். குழாயின் சுவரைத் தளர்த்துவதிலும் தைராய்டு சுரப்பு நீருக்குப் பங்கு உண்டு. அது குறைந்தால் குழாய் விறைத்துக்கொள்கிறது. ரத்த அழுத்தத்தில் இரண்டு எண்கள் சொல்வார்கள் அல்லவா? அதில் கீழ் எண் ஏறுகிறது.

கொழுப்பும் படிகிறது, குழாயும் விறைக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் நடந்தால் என்ன ஆகும்? இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் குறுகும். ஒரு நாள் அடைத்துக்கொள்ளும். சர்க்கரை வியாதி, புகைப் பழக்கம், ரத்தக் கொதிப்பு ஆகியவை ஏற்கனவே உள்ளவர்களுக்கு ஆபத்து மேலும் கூடுகிறது.

870 ஆடுகள் தந்த உயிர்

இந்த வியாதிக்கு ஒரு காலத்தில் மருந்தே கிடையாது.

1873-ம் ஆண்டில் லண்டன் டாக்டர் வில்லியம் கல், முகம் உப்பி, பேச்சு மந்தமாகி, சோர்ந்துபோன பெண்கள் சிலரைப் பற்றி எழுதினார். அவர்களைக் குணப்படுத்த அன்று வழி இல்லை.

1891-ம் ஆண்டில் வழி பிறந்தது. இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊர். அங்கே ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர் இருந்தார். அவரிடம் 46 வயதுப் பெண் ஒருவர் வைத்தியத்துக்கு வந்தார். வியாதி முற்றிய நிலை.

மர்ரே ஒரு காரியம் செய்தார். ஆட்டின் தைராய்டு சுரப்பியை எடுத்துச் சாறு தயாரித்தார். அதை அந்தப் பெண்ணின் தோலுக்கு அடியில் ஊசி மூலம் செலுத்தினார்.

அதிசயம் நடந்தது! முகத்தின் வீக்கம் வடிந்தது. பேச்சு தெளிந்தது. நடை திரும்பியது. பிறகு அந்த மருந்தை வாய் வழியாகவே சாப்பிடலாம் என்று தெரிந்தது.

அந்தப் பெண் விடாமல் மருந்து சாப்பிட்டார். மேலும் 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1919-ம் ஆண்டில், 74-வது வயதில் காலமானார். அவருக்குத் தேவைப்பட்ட மருந்துக்காக 870-க்கும் அதிகமான ஆடுகளின் சுரப்பிகள் பயன்பட்டன என்று கணக்கிட்டார்கள்.

இன்று ஆடு வேண்டாம். அமெரிக்க விஞ்ஞானி எட்வர்டு கெண்டால் 1914-ல் தைராக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1927-ல் அது இங்கிலாந்தில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. இப்போது அது சிறு மாத்திரையாகக் கிடைக்கிறது. லெவோதைராக்சின் என்பது அதன் பெயர்.

870 ஆடுகளைத் தேடிப் பிழைத்தார் ஒரு பெண். இன்றோ, கையில் இருக்கும் மாத்திரையை, "உடம்பு தேறிவிட்டது" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்!

ஆராய்ச்சிகள் சொல்வது

நெதர்லாந்து நாட்டில் ரோட்டர்டாம் நகரில் 1,149 வயதான பெண்களைச் சோதித்தார்கள். அந்த ஆராய்ச்சி 2000-ம் ஆண்டில் வெளியாயிற்று. தைராய்டு இலேசாக மந்தமாயிருந்த பெண்களிடம் பெருந்தமனியில் படிவு அதிகமாகக் காணப்பட்டது. மாரடைப்பும் அவர்களிடம் சுமார் இரண்டு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது.

2010-ல் இன்னொரு பெரிய கணக்கு வெளிவந்தது. பல நாடுகளில் நடந்த 11 ஆராய்ச்சிகளைச் சேர்த்து, 55,287 பேர் விவரங்களைப் பார்த்தார்கள். டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டியவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. டி.எஸ்.எச். சிறிதளவே கூடியிருந்தவர்களிடம் அவ்வளவு ஆபத்துத் தெரியவில்லை.

அதாவது, மந்தம் எவ்வளவு கூடுகிறதோ, ஆபத்தும் அவ்வளவு கூடுகிறது.

மாத்திரை குழாயைக் காக்குமா?

தைராய்டு உண்மையிலேயே நன்றாகக் குறைந்தவர்களுக்கு, மாத்திரை நல்ல பலன் தருகிறது. சில மாதங்களில் கெட்ட கொழுப்பு இறங்குகிறது. விறைத்த குழாய் தளர்கிறது. ரத்த அழுத்தமும் சீராகலாம்.

இலேசாக மந்தமானவர்கள் எல்லோருக்கும் மாத்திரை வேண்டுமா? அப்படிச் சொல்ல முடியாது.

ஐரோப்பாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லோருக்கும் இலேசான மந்தம். பாதிப் பேருக்கு உண்மை மாத்திரை. மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 2017-ல் முடிவு வெளியாயிற்று. களைப்பு இரு சாராருக்கும் ஒரே மாதிரியே இருந்தது! அவர்களில் 185 பேருக்குக் கழுத்து ரத்தக் குழாயின் சுவரையும் அளந்து பார்த்தார்கள். அதிலும் வித்தியாசம் இல்லை.

ஆகவே, வயதானவர்களுக்கு டி.எஸ்.எச். சற்றே ஏறியிருந்தால், "கொஞ்ச நாள் கழித்துத் திரும்பவும் சோதிப்போம்" என்று டாக்டர் சொல்லக்கூடும். அது அலட்சியம் அல்ல. அதுவும் வைத்தியமே.

அளவுக்கு மீறினால்...

அமிர்தமும் அளவுக்கு மீறினால் நஞ்சு. தைராய்டு மாத்திரைக்கு இது முற்றிலும் பொருந்தும்.

அமெரிக்காவில் பிராமிங்காம் என்ற ஊரில் 60 வயதுக்கு மேற்பட்ட 2,007 பேரைப் பத்து ஆண்டுகள் கவனித்தார்கள். தைராய்டு நீர் மிஞ்சி, டி.எஸ்.எச். மிகவும் தாழ்ந்திருந்தவர்களில் 100-க்கு 28 பேருக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது. சாதாரண அளவு உள்ளவர்களில் 100-க்கு 11 பேருக்குத்தான் அப்படி ஆயிற்று. 1994-ல் இது வெளியாயிற்று. துடிப்பு தாறுமாறானால் ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரக்கூடும். சுரப்பு நீர் மிஞ்சினால் எலும்பும் தேயும்.

இன்னொரு பாடமும் உண்டு. தைராக்சினின் உடன்பிறப்புப் போன்ற ஒரு மருந்தைக் கொழுப்பைக் குறைப்பதற்காக அமெரிக்காவில் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தது, ஏற்கனவே மாரடைப்பு வந்த ஆண்களுக்கு. கொழுப்பு இறங்கியது. ஆனால், மருந்து சாப்பிட்டவர்களிடம் சாவு அதிகமாக இருந்தது! மருந்தை நிறுத்திவிட்டார்கள். இந்த விவரம் 1972-ல் வெளியிடப்பட்டது.

ஆகவே, தைராய்டு நன்றாக இருப்பவர்கள் உடல் இளைக்கவோ, கொழுப்பைக் கரைக்கவோ இந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

நம் நாட்டு நிலை

சென்னை உள்பட இந்தியாவின் 8 நகரங்களில் 5,376 பேரைச் சோதித்தார்கள். 2013-ல் அந்தக் கணக்கு வெளியாயிற்று. 100-க்கு ஏறக்குறைய 11 பேருக்குத் தைராய்டு மந்தம் இருந்தது!

அந்த 11 பேரில் மூன்று, நான்கு பேருக்கு வியாதி இருப்பதே அதுவரை தெரியாது. "சோம்பேறி" என்று பெயர் வாங்கியவர்கள் அவர்களிலும் இருந்திருக்கலாம் அல்லவா?

செய்ய வேண்டியவை

மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் கொலஸ்டிரால் அதிகம் என்று தெரிந்தால், "தைராய்டும் பார்க்க வேண்டுமா, டாக்டர்?" என்று கேளுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. தைராய்டு மந்தத்தைச் சரி செய்யாமல் கொழுப்பு மாத்திரையை மட்டும் சாப்பிட்டால், சிலருக்குத் தசை வலி போன்ற தொல்லைகள் வரும் வாய்ப்பு அதிகம்.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் சாப்பிட வேண்டும். காப்பியோடு சேர்த்து விழுங்கக் கூடாது. மாத்திரை சாப்பிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பியும் பலகாரமும்.

இரும்புச் சத்து மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

மருந்து தொடங்கினாலும், அளவை மாற்றினாலும், 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடியும் ரத்த சோதனை தேவை. அதற்கு முன் பலன் தெரியவில்லை என்று டாக்டரை மாற்றாதீர்கள்.

இதய நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, படிப்படியாக ஏற்றுவார்கள். மந்தமாக ஓடிய இதயத்தைத் திடீரென்று விரட்டினால் நெஞ்சு வலி வரக்கூடும். "இவ்வளவு சிறிய மாத்திரையா?" என்று எண்ணி, தாங்களாகவே இரண்டாகச் சாப்பிடக் கூடாது.

மாத்திரை சாப்பிடும் பெண் கர்ப்பமானால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்போது மருந்தின் தேவை கூடும்.

அயோடின் கலந்த உப்பு நல்லதுதான். ஆனால், கெட்டுப்போன சுரப்பிக்கு உப்பு மருந்தாகாது. மாத்திரைக்குப் பதில் உப்பைக் கூட்டினால், ரத்தக் கொதிப்புத்தான் மிஞ்சும்.

பக்கத்து வீட்டு அம்மாளின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஒருவருக்கு 25 மைக்ரோகிராம் போதும். இன்னொருவருக்கு 100 தேவைப்படும். அவரவர் அளவு அவரவருக்கு.

பெரும்பாலோருக்கு இது ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டிய மருந்து. "பழகிவிடுமே" என்று பயப்பட வேண்டாம். உடம்பு தானே செய்துகொள்ள வேண்டிய சரக்கு குறைந்துவிட்டது. அதை வெளியிலிருந்து கொடுக்கிறோம். அவ்வளவுதான்.

நமது கருத்து

வீட்டில் ஆண் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் வண்டி பிடித்து ஓடுகிறோம். ஓட வேண்டியதுதான். ஆனால், வீட்டுப் பெண் ஓராண்டாகக் களைத்துக் கிடந்தால், ஒரு ரத்த சோதனைக்கு அழைத்துப் போக நேரமில்லை என்கிறோம். இது நியாயமா?

எல்லோருக்கும் முந்தி எழுந்து, எல்லோருக்கும் பிந்திப் படுக்கும் பெண், தன் உடம்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. மருந்துக்குப் பணம் குறைந்தாலும், தன் மாத்திரையைத்தான் முதலில் நிறுத்துகிறாள். அதன் விலையைப் பல ஆண்டுகள் கழித்து அவள் ரத்தக் குழாய் கொடுக்கிறது.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. சீட்டில் மருந்தின் பெயரை எழுதினால் மட்டும் போதாது. எப்படிச் சாப்பிட வேண்டும், ஏன் நிறுத்தக் கூடாது என்பதை இரண்டு நிமிடம் வாயால் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பேச்சுத்தான் பாதி வைத்தியம்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. "சோம்பேறி" என்று சொல்வதற்கு முன் சோதித்துப் பாருங்கள். சோதனையில் ஒன்றும் இல்லையென்றால் சந்தோஷம். களைப்புக்கு வேறு காரணம் உண்டா என்று டாக்டர் பார்ப்பார். மந்தம் இருந்தால் தக்க வைத்தியம் உண்டு. அதைச் சரியான அளவில், விடாமல் கொடுங்கள்.

கழுத்தில் உள்ள சுரப்பி சிறியது. அதைக் கவனிப்பதற்கு ஆகும் செலவும் சிறியது. கவனிக்காமல் விட்டால் வரும் நஷ்டம்தான் பெரியது!